கடலடிக்குச் சென்ற கேள்வி

(சங்க ஆண்டு விழாவில், சிறுவர் பரிசளிப்புக்கு முன் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் இம்மேடையில் பேசத் தக்க அறிஞர் நம் சங்கத்தில் பலர் உளர். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ கடல். நாகபுரியில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். இங்கிருந்து எத்திசையில் புறப்பட்டாலும் கடலைக் காண ஓர் இரவேனும் வண்டியில் கழித்தாக வேண்டும். இதோ அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலர், கோடை விடுமுறையில் சென்னைக்குச் சென்றபோது மெரினாவில் கால் நனைத்ததோடு சரி. சிலருக்கு அதுவும் வாய்க்கவில்லை. ஆயினும், இருந்த ஊரை விட்டு நகராமலே பள்ளிப்பிள்ளைகள் கடலின் அடித்தளம் வரை சென்று வந்த வரலாறு ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கும், அதிலிருந்து நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒரு யோசனை கூறுவதற்குமே இச்சொற்பொழிவு.

அவ்வகுப்பைப் பற்றி இவ்வாண்டு செயற்குழுவில் எழுந்த பேச்சை அனைவரும் அறிவீர்கள். எட்டு, ஒன்பது வயது வரை பிள்ளைகள் வருகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதும் நின்றுவிடுகிறார்கள். பள்ளிப் பாடமும் டியூஷனும் அவர்களை இழுத்துக்கொள்கின்றன. பத்துப் பேர் கூட வராத வகுப்பை எதற்காக நடத்த வேண்டும் என்று கேட்பவர்கள் கேட்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. அதற்கு விடை தேடித்தான் நாம் கடலடிக்குப் போகிறோம்.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் டைட்டானிக் என்னும் பெருங்கப்பல் பனிப்பாறையில் மோதி அட்லாண்டிக் சமுத்திரத்தில் மூழ்கியதும், அதில் 1,500 பேருக்கு மேல் மாண்டதும் நாம் அறிந்தவையே. அது கிடந்த இடம் 73 ஆண்டுகள் ஒருவருக்கும் தெரியவில்லை. 1985 செப்டம்பர் 1ஆம் நாள், அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ராபர்ட் பல்லார்டு, பிரெஞ்சு நாட்டு ழான் லூயி மிஷெல் ஆகிய இருவரும் தலைமை தாங்கிய குழுவினர், ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டனர். ஆர்கோ என்னும் சட்டத்தில் காமிராக்களைப் பொருத்தி, நீண்ட கம்பியில் தொங்கவிட்டு, கடலடியைத் துழாவித் துழாவிக் கண்ட காட்சி அது.

உலகமெங்கும் பாராட்டுக் குவிந்தது. அவற்றோடு பல்லார்டுக்குத் தபாலில் வேறொரு குவியலும் வந்தது. அவை பள்ளிப்பிள்ளைகள் எழுதிய கடிதங்கள். ஏறத்தாழ 16,000 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பிள்ளைகள் கேட்டதன் சாரம், அடுத்த முறை போகும்போது நாங்களும் உடன் வருவது எப்படி என்பதே.

புகழ் பெற்ற ஒருவர் இத்தகைய கடிதங்களுக்கு என்ன செய்வார்? கையெழுத்திட்ட புகைப்படம் ஒன்றை அனுப்புவார். நன்றாகப் படியுங்கள் என்று ஒரு வரி எழுதுவார். பல்லார்டு அக்கேள்வியை ஓர் ஆராய்ச்சிப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டார். ஆழ்கடலுக்குள் இறங்கும் ஆல்வின் என்ற கலத்தில் இடம் மூவருக்கே: ஓட்டுநர் ஒருவர், ஆராய்ச்சியாளர் இருவர். பல்லாயிரம் பிள்ளைகளைக் கடலுக்குக் கொண்டு போக இயலாது. எனின், கடலைப் பிள்ளைகளிடம் கொண்டு வரலாமே!

அவ்வாறு பிறந்ததே ஜேசன் திட்டம். தங்கத் தோலைத் தேடி ஆர்கோ என்னும் மரக்கலத்தில் புறப்பட்ட கிரேக்கக் கதைத் தலைவனின் பெயர் அது. 1989ஆம் ஆண்டு மத்தியதரைக் கடலில் அதன் முதற்பயணம் நிகழ்ந்தது. ஜேசன் என்றே பெயரிட்ட ஆளில்லாக் கலம் ஒன்று, கடலடியில் இருந்த எரிமலை ஒன்றையும், பழைய ரோமானியர் காலத்து வாணிகக் கப்பல் ஒன்றின் சிதைவையும் கண்டு காட்டியது. கலம் கண்ட காட்சி கண்ணாடி இழைக் கம்பி வழியாக மேலே கப்பலுக்கு ஏறியது; கப்பலிலிருந்து செயற்கைக்கோளுக்குத் தாவியது; அங்கிருந்து வட அமெரிக்க நகரங்களின் அருங்காட்சியகங்களில் விரித்திருந்த பெருந்திரைகளில் அந்நொடியே வந்து விழுந்தது. இரண்டு வாரங்களில் ஏறத்தாழ 2,50,000 மாணாக்கர் அங்கங்கே கூடி அதைக் கண்டனர். அவர்கள் கேட்ட கேள்விகள் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்தே விடைகளும் வந்தன. பின்னாளைய பயணங்களில் தேர்ந்தெடுத்த மாணவர் சிலர் ஆராய்ச்சியாளரோடு நேரிலேயே சென்றனர். வேறு சிலர் இருந்த இடத்திலிருந்தே விசைப்பிடியைத் திருப்பி, எங்கோ நீருக்குள் இருந்த கலத்தைச் சிறிது நேரம் செலுத்தவும் செய்தனர்.

இதைக் கேட்கும்போது, இது பெரியதொரு சினிமாக் காட்சிதானே என்று தோன்றலாம். அவ்வாறன்று. பயணத்துக்கு முன்பே ஆசிரியர்களுக்குப் பாடக் குறிப்புகள் தயாராயின. கடலடியின் மலைகளையும் பள்ளங்களையும், நீரின் அழுத்தத்தையும், பழங்காலக் கப்பல் வாணிகத்தையும் வகுப்பில் கற்ற பின்னரே பிள்ளைகள் திரைக்கு முன் வந்து அமர்ந்தனர். இரயில் வண்டி நிலையத்துக்குள் நுழைவதைப் பிரயாணி காண்கிறார்; அதற்கு முன் எத்தனை பேர் எத்தனை நேரம் வேலை செய்தனர் என்பதை நாம் அறிவோம். அப்படித்தான் இதுவும். கற்றுவிட்டு வந்த பிள்ளையின் கேள்வி கூர்மையாக இருந்தது. ஒன்றும் அறியாமல் வேடிக்கை பார்க்க வந்தவன், அந்த மீனின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டிருப்பான்.

இனி, கேள்வியைப் பற்றி இரண்டு சிறு வரலாறுகள். இவையும் கடலடியில் பிறந்தவையே.

1977ஆம் ஆண்டு பிப்ரவரியில், பசிபிக் சமுத்திரத்தில் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் கலத்தில் நிலவியல் அறிஞர் இறங்கினர். கடலடிப் பிளவுகளிலிருந்து வெந்நீர் ஊற்றெடுக்கிறதா என்று காண்பதே அவர்கள் நோக்கம். உயிர் நூல் வல்லார் ஒருவர் கூட அக்கப்பலில் இல்லை. அந்த ஆழத்தில் சூரிய ஒளி இல்லை. ஒளி இல்லையேல் செடி இல்லை. செடி இல்லையேல் உணவும் அரிது. ஆதலின் ஆழ்கடல் பாலைவனத்துக்கு நிகரானது என்பதே அந்நாளைய எண்ணம். ஆனால் கலத்தின் சாளரத்துக்கு வெளியே சிப்பிகளும் நண்டுகளும் கூட்டங்கூட்டமாகக் கிடந்தன. ஜாக் கோர்லிஸ் என்ற அறிஞர், நீருக்கடியிலான தொலைபேசியில், மேலே கப்பலில் இருந்த ஆய்வு மாணவி ஒருவரை அழைத்து, ஆழ்கடல் பாலைவனம் போல அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டார். ஆம் என்றார் மாணவி. இங்கே இத்தனை உயிர்கள் இருக்கின்றனவே என்றார் அவர். அந்நூற்றாண்டின் பெருங்கண்டுபிடிப்புகளுள் ஒன்று, ஒரு குழந்தை கேட்பது போன்ற கேள்வியாகவே மேலே வந்தது. பிடித்த உயிர்களைக் கெடாமல் வைக்கப் போதிய மருந்து கூடக் கப்பலில் இல்லை. பனாமாவில் வாங்கிய ருஷ்ய வோட்கா மதுவில் சிலவற்றை ஊறவைத்தனர்.

அவ்வூற்றுகளுக்கருகே ஆளுயரத்துக்கும் மேல் வளரும் குழாய்ப் புழு ஒன்று இருக்கிறது. அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. எப்படித்தான் உண்கிறது? 1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், அப்புழுவை ஆராய்ந்த அறிஞர் ஒருவர் அதன் உடலுக்குள் கந்தகத் துகள்கள் இருப்பதாகச் சொற்பொழிவில் கூறினார். கேட்டுக்கொண்டிருந்த கொலீன் கவனா என்ற மாணவி உடனே எழுந்தார். புழுவின் உடலுக்குள்ளேயே பாக்டீரியாக்கள் வாழ்ந்து, அழுகிய முட்டை நாற்றமுடைய அந்தக் கந்தக வாயுவை எரிபொருளாகக் கொண்டு, புழுவுக்குச் சோறு சமைத்துப் போடுகின்றனவாக இருக்க வேண்டும் என்றார். ஆராய்ந்து பார்த்ததில் அதுவே உண்மையாயிற்று. அவர் அன்று அவையில் எழத் தயங்கியிருந்தால், உண்மை பின்னொரு நாள் வேறொருவரால் வெளிப்பட்டிருக்கலாம். ஆனால் அப்பெருமை ஒரு மாணவிக்கு வாய்த்ததற்குக் காரணம், அந்த அவையில் மாணவர் எழுந்து பேசலாம் என்பதே.

நிற்க. பிள்ளைகளின் கதைக்கு மீள்வோம். 2000ஆம் ஆண்டு தொடங்கிச் சில பயணங்களில், அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகத்துக் கிரெய்க் கேரி என்ற அறிஞரின் குழுவினர், பள்ளிகளை இன்னும் நெருக்கமாகச் சேர்த்துக்கொண்டனர். வெந்நீர் ஊற்றின் சுவரில் வாழும் பாம்பீ புழுவை ஆராய்பவர் அவர். அப்புழுவின் வால் இருக்கும் குழாயில் ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் வெப்பம். தலை நீட்டும் இடத்திலோ 22 பாகை! அடுப்பில் வாலும் திண்ணையில் தலையுமாக வாழும் உயிர் அது. கேரியின் குழுவினர் ஆல்வினில் கடலடியில் இருக்கும்போதே, வகுப்பறைகளிலிருந்து பிள்ளைகள் தொலைபேசியில் அவர்களோடு பேசினர்.

இப்பேச்சு எவ்வாறு சென்றது என்பதைப் பிள்ளைகளே, கவனியுங்கள். வகுப்பிலிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கப்பல் வரை சென்றது வானொலி அலை. அதற்குக் கீழே வானொலி அலை செல்லாது. உப்புநீர் அதை விழுங்கிவிடும். ஆகவே கப்பலிலிருந்து கலம் வரை ஒலியாகவே அனுப்ப வேண்டும். கடல் நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர். 2,500 மீட்டர் ஆழத்துக்குப் போய்ச் சேர ஒன்றே முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவு; திரும்பி வர அதே அளவு. ஆக, பிள்ளை கேட்டுவிட்டு மூன்று நொடிக்கு மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த அமைதிக்குள் கேள்வி கடலின் அடியைத் தொட்டுத் திரும்புகிறது. பரீட்சைத் தாளில் ஒலியின் வேகத்தை எழுதி மதிப்பெண் வாங்கும் பிள்ளை அதை மறந்துவிடலாம். அவ்வாறு காத்திருந்த பிள்ளை மறப்பானா?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஆழ்கடல் பயணங்களில் பள்ளிப்பிள்ளைகள் தெர்மாகோல் கிண்ணங்களில் படம் வரைந்து, பெயர் எழுதிக் கொடுப்பது வழக்கம். அவற்றை வலைப்பையில் இட்டுக் கலத்தின் வெளிப்புறம் கட்டி இறக்குவார்கள். கடலில் பத்து மீட்டர் இறங்குந்தோறும் ஒரு காற்றுமண்டல அழுத்தம் கூடுகிறது. 2,500 மீட்டரில், கைப்பெருவிரல் நகம் அளவுள்ள இடத்தின் மேல் ஏறத்தாழ இரண்டரைக் குவிண்டால் பாரம். பார்சல் ஆபீசில் மூட்டை தூக்கிப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். தெர்மாகோலுக்குள் இருக்கும் காற்றெல்லாம் நசுங்கிப் போக, கிண்ணம் வடிவம் மாறாமல் சிற்றுருவாகச் சுருங்குகிறது. எழுதிய பெயரும் எறும்பெழுத்தாகிவிடுகிறது. அப்பிள்ளைக்குக் கடலின் அழுத்தம் புத்தகத்துச் செய்தி மட்டும் அன்று. தன் கைப்பட எழுதிய பெயரோடு அலமாரியில் இருக்கிறது.

திருக்குறளில் கல்வி 40ஆம் அதிகாரம். கல்லாமை 41ஆம் அதிகாரம். அடுத்த 42ஆம் அதிகாரத்துக்குக் கேள்வி என்று பெயர். அங்கே கேள்வி என்பது செவியால் கேட்டறியும் அறிவு. அதே சொல் இன்று வினா என்ற பொருளிலும் வழங்குகிறது. செவி கொடுத்தலும் வினவுதலும் நம் மொழியில் ஒரே வேரில் கிளைத்தவை. கேட்பவனே கேட்கிறான். ஆயினும் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளை கேட்டால், அதிகப்பிரசங்கித்தனம் என்கிறோம். பரீட்சைக்கு வராததை எதற்குக் கேட்கிறாய் என்கிறோம். வேலை முடித்துக் களைத்து வந்தவர்களுக்குப் பொறுமை குறைவது இயல்பே. அதைக் குற்றம் கூறவில்லை. ஆனால் பத்து வயதுக்குள் நூறு முறை வாயடைக்கப்பட்ட பிள்ளை, பிறகு எந்த அவையிலும் எழுவதில்லை. ஜேசன் திட்டத்தில் விலை மதிப்புள்ள பொருள் கலமோ கம்பியோ அன்று. பிள்ளைகளின் கேள்விக்கு அறிவுடையோர் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று ஒப்புக்கொண்டதே அது.

அமெரிக்கர் செல்வர், அவர்களால் இயலும், நமக்கு ஏது என்று கேட்கலாம். 1989இல் இது பொருந்திய கேள்வியே. இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. பல்லார்டு 2008இல் நிறுவிய கடலாய்வு அறக்கட்டளையின் நாட்டிலஸ் கப்பல் முதலியவை, தாம் காணும் கடலடியை அந்நொடியே உலகுக்குக் காட்டுகின்றன, காசு கேட்பதில்லை. தடை பணத்தில் இல்லை. நம் பிள்ளைகளுக்குத் தடையாக நிற்பது வேறொன்று: பேசுவோர் மொழி. வேகமான ஆங்கிலத்தில் அவர்கள் பேசப் பேச, பிள்ளை படத்தை மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறது.

இதற்கு மருந்து என்ன என்பதை அர்ஜென்டினா நாடு காட்டியது. 2025 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், மார் டெல் பிளாட்டா நகருக்கு அப்பால் உள்ள ஆழ்கடல் பள்ளத்தாக்கை அந்நாட்டு ஆராய்ச்சியாளர் ஆராய்ந்தனர். கப்பலும் கலமும் ஓர் அமெரிக்க அறநிலையத்துக்கு உரியவை. விளக்கம் சொன்ன மொழியோ ஸ்பானிஷ், அவர்கள் வீட்டு மொழி. ஊதா நிறக் கடல் அட்டை ஒன்றுக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று செல்லப்பெயர் இட்டுச் சிரித்தனர். ஒரே வேளையில் பல்லாயிரவர் பார்த்தனர். குடும்பத்தோடு அமர்ந்து கேள்விகள் எழுதி அனுப்பினர். பிள்ளைகள் கண்ட உயிர்களை வரைந்து மகிழ்ந்தனர். தாய்மொழியில் கேட்டபோது, ஆராய்ச்சி யாரோ செய்யும் வேலையாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

நம் மொழியில் இதற்குச் சொல் இல்லையோ என அஞ்ச வேண்டாம். ஆழி, பௌவம், பரவை, முந்நீர் என்று கடலுக்குப் பல பெயர் வைத்த மொழி இது. சற்று முன் கூறிய கடல் அட்டை என்ற சொல் கூட, மன்னார் வளைகுடா மீனவரிடம் புழங்கும் சொல்லேயாகும்.

நம் நாட்டிலும் காலம் கனிந்து வருகிறது. சென்னைப் பள்ளிக்கரணையில், 1993இல் தோன்றிய தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம், மத்ஸ்யா 6000 என்ற கலத்தை உருவாக்கி வருகிறது. மூவரைச் சுமந்து 6,000 மீட்டர் இறங்கும் நோக்கோடு அமைந்த கலம் அது. அம்மூவரும் அமரும் டைட்டானியக் கோளத்தின் விட்டம் 2.1 மீட்டரே. 2025 தொடக்கத்தில் சென்னைக்கு அருகே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதை நீரில் இறக்கிச் சோதித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில், இந்தியர் இருவர் பிரெஞ்சுக்காரரின் நாட்டீல் என்ற கலத்தில் பயிற்சிக்காக அட்லாண்டிக்கில் இறங்கி, ஒருவர் 4,025 மீட்டரும் மற்றவர் 5,002 மீட்டரும் ஆழம் கண்டனர். மத்ஸ்யா தன் முழு ஆழத்துக்கு இறங்கும் நாளில், தமிழ்நாட்டில் உருவான கலத்தை நோக்கி நாகபுரித் தமிழ்ப் பிள்ளை ஒன்று தமிழில் ஒரு கேள்வி கேட்க வேண்டாமா?

ஆகவே செயற்குழுவினருக்கு நம் யோசனைகள் மூன்று.

முதலாவது, ஞாயிறு வகுப்பில் கேள்வி ஏடு ஒன்று வைப்போம். ஒவ்வொரு பிள்ளையும் வாரம் ஒரு கேள்வியைத் தமிழில் எழுதட்டும். கடலைப் பற்றியோ, வானைப் பற்றியோ, வாசலில் ஊரும் எறும்பைப் பற்றியோ, எதுவாயினும் சரி. அடுத்த வாரத்துக்குள் பெரியவர் ஒருவர் விடை தேடி எழுத வேண்டும். அகப்படாவிட்டால் அகப்படவில்லை என்றே எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

இரண்டாவது, ஏதேனும் ஒரு கப்பல் ஆராய்ச்சிக்குப் புறப்படும் காலத்தில், பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளைக் கூட்டுவோம். முன்னதாக நான்கு வாரம் வரைபடத்தை விரித்துப் பாடம். பிறகு ஒரு மணி நேரம் காட்சி. காலனியில் கல்லூரி படிக்கும் இளைஞர் உடனிருந்து தமிழில் விளக்குவர். எழுத்துக் கூட்டக் கற்றதும் பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்று கேட்டோம். அதன் பிறகு அந்த எழுத்தைக் கொண்டு செய்வதற்கு நாம் ஒரு வேலையும் கொடுக்கவில்லை என்பதே விடை. இதுவே அவ்வேலை.

மூன்றாவது, ஏட்டில் சேரும் நல்ல கேள்விகளைப் பிள்ளைகளின் கையெழுத்திலேயே பள்ளிக்கரணைக்கு அனுப்புவோம். மறுமொழி வரலாம்; தாமதிக்கலாம்; வராமலும் போகலாம். 1985இல் பல்லார்டுக்கு எழுதிய பிள்ளைகள், விடையாக ஒரு கப்பலே வரும் என்று தெரிந்தா எழுதினார்கள்?

வகுப்பை மூடுவது பற்றிய தீர்மானத்தை ஓராண்டு தள்ளிவைக்குமாறு செயற்குழுவினரைப் பணிவுடன் வேண்டுகிறோம். ஓராண்டின் முடிவில் ஏட்டைப் பாருங்கள். அதில் கேள்விகள் நிறைந்திருந்தால் வகுப்பு வாழட்டும். வெறும் தாள்களாக இருந்தால் மூடிவிடுவது பற்றி அப்பொழுது பேசலாம்.

இனிப் பரிசளிப்பு. இவ்வாண்டு பரிசு பெறும் பிள்ளைகளுக்குப் புத்தகத்தோடு கோடிட்ட நோட்டு ஒன்றையும் சேர்த்து வைத்திருக்கிறோம். அதன் முதல் பக்கத்தில் பெயரும் வகுப்பும் எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் எழுத வேண்டியது என்ன என்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டு வாருங்கள்.